தவறான முகவரியைச் சொல்லவே முடியாத இடைமுகம்

இயங்குதளத்தின் மையமான கெர்னலில் என் மனம் அதிகம் ஒட்டிக்கொண்டிருப்பது, பெரும்பாலான கணினிகளில் ஒரு தடவைகூட ஓடாமலே போகும் நிரலில்தான். மெமரியில் திருத்த முடியாத பிழை வந்தால் அது விழுந்த பக்கத்தை (கெர்னல் மெமரியைப் பிரித்துக் கையாளும் துண்டை) என்ன செய்வது, சாதனங்களைப் பிராசசரோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு பழுதானால் டிரைவரை எப்படி மீட்பது, பிராசசர் மெஷின் செக் என்ற வன்பொருள் பிழை அறிவிப்பை எழுப்பினால் எந்தப் ப்ராசஸை, அதாவது ஓடும் நிரலை, நிறுத்துவது, எதை ஓடவிடுவது என்றெல்லாம் முடிவெடுக்கும் பகுதி அது. எழுதியவர் கவனமாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் எழுதியது சரிதானா என்று பார்க்க வன்பொருள் உடையும்வரை காத்திருக்க முடியாது. அதனால் பிழையை நாமே வரவழைக்கிறோம். அதற்கென்று கெர்னலிலேயே வாசல்கள் வைக்கிறோம். அந்த வாசல்களை எப்படி அமைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு.

இப்படிப்பட்ட பிழைகள் அபூர்வம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கூகுளின் சர்வர்களைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு கணினியில் திருத்தக்கூடிய மெமரிப் பிழை ஒன்றாவது பதிவாகியிருந்தது. மெமரி மாட்யூல் கணக்கில் அது 8 சதவீதத்துக்கு மேல். பிழை திருத்தும் வழக்கமான இசிசி மெமரி ஒவ்வொரு 64 பிட்டுடனும் 8 பிட் சோதனைத் தகவலைச் சேர்த்து வைக்கிறது. ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும், இரண்டு புரண்டால் கண்டுபிடிக்கும், ஆனால் திருத்தாது. அந்த இரண்டாவது நிலைதான் கெர்னலின் தலையில் வந்து விழுகிறது. லினக்ஸில் அதைக் கையாளும் நிரல் பக்கத்தின் வகையைப் பார்த்து வேறுவேறு பாதையில் போகும். யாரும் பயன்படுத்தாத பக்கம் என்றால் புழக்கத்திலிருந்து எடுத்துவிடலாம். டிஸ்கிலிருந்து படித்து வைத்த, மாற்றப்படாத பக்கம் என்றால் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி படித்துக்கொள்ளலாம். இன்னும் டிஸ்குக்கு எழுதப்படாத பக்கம் என்றால் தரவு போய்விட்டது என்று சொல்லியாக வேண்டும். ப்ராசஸின் சொந்த மெமரி என்றால் அதற்கு சிக்பஸ் சிக்னல், பொதுவாக அதை நிறுத்திவிடும் அறிவிப்பு. பல சிறு பக்கங்கள் சேர்ந்த பெரும்பக்கம் என்றால் முதலில் அதை உடைக்கப் பார்க்க வேண்டும். கெர்னலின் சொந்தத் தரவு இருக்கும் பக்கம் என்றால் செய்வதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இத்தனை கிளைகளையும் சோதித்துப் பார்க்காமல் ஒரு சர்வரை உற்பத்திச் சூழலில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே பிழை புகுத்தும் வசதி வேண்டுமா என்பது என் கேள்வியே இல்லை. வேண்டும். அதை எப்படிப் பாதுகாப்பாக வைப்பது என்று பேசும்போதெல்லாம் ஒரே பதில் வந்து நிற்கும்: "டிபக்எஃப்எஸ்ஸில்தானே இருக்கிறது, ரூட் மட்டும்தானே எழுத முடியும், அப்புறம் என்ன?" டிபக்எஃப்எஸ் என்பது கெர்னலைப் பிழைதிருத்த உதவும் கோப்புகளின் தொகுதி, ரூட் என்பது முழு உரிமையுள்ள நிர்வாகி. இந்தப் பதில் இரண்டு தனித்தனி விஷயங்களைக் குழப்புகிறது.

முதலாவது, ரூட் அனுமதி என்பது ஆள் யார் என்பதைத்தான் சொல்கிறது. அவர் தட்டிய எண் சரியா என்பதைச் சொல்லாது. சோதனை எழுதுபவர் முழு உரிமையோடு, முழு நல்லெண்ணத்தோடு, பதினாறடிமான முகவரியில் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டலாம். கெர்னல் அதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டால் அவர் ஓட்டிக்கொண்டிருக்கும் சோதனைக்குப் பதில் அதே கணினியில் ஓடும் டேட்டாபேஸ் சாகும்.

இரண்டாவது, ரூட்டும் கெர்னலும் ஒன்றே என்ற காலம் போய்விட்டது. 2019-இல் லினக்ஸ் 5.4-உடன் வந்த லாக்டவுன் வசதி, ரூட்டாகவே இருந்தாலும் ஓடும் கெர்னலை மாற்றக்கூடாது என்ற எல்லையை வரைகிறது. டிபக்எஃப்எஸ்ஸில் எழுதுவதையும் அது தடுக்கிறது. காரணம் இருக்கிறது. 2003-இல் இரண்டு ஆய்வாளர்கள் 50 வாட் விளக்கு ஒன்றால் மெமரி சிப்களைச் சூடாக்கி, ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் பாதுகாப்பை உடைத்துக் காட்டினார்கள். எந்த பிட் புரளும் என்பது அவர்கள் கையில் இல்லை. எது புரண்டாலும் பயன்படும்படி மெமரியைத் தரவால் நிரப்பி வைத்தார்கள். ஒரே ஒரு பிட் புரண்டால் தாக்குதல் பலிக்கச் சுமார் 70 சதவீத வாய்ப்பு என்று கண்டார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாத விளக்குக்கே அவ்வளவு பலன் என்றால், மெமரியின் உண்மையான இடத்தைக் குறிக்கும் பௌதிக முகவரியைக் கொடுத்து "இங்கே" என்று சொல்ல அனுமதிக்கும் இடைமுகம் எவ்வளவு பெரிய கருவி என்று யோசித்துப் பாருங்கள். 2019-இல் வெளியான பிளண்டர்வோல்ட் தாக்குதலும் இதே வகைதான். பிராசசரின் மின்னழுத்தத்தைக் குறைக்க மென்பொருளுக்குக் கொடுத்திருந்த வசதியை வைத்தே, எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நடக்கும் கணக்குகளைத் தப்பாக வரவைத்தார்கள். அங்கே தாக்குபவரிடம் ரூட் உரிமை இருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவரிடமிருந்தும் காப்பதுதான் எஸ்ஜிஎக்ஸின் வேலை. மைக்ரோகோட், பயாஸ் புதுப்பிப்புகள் வழியாக அந்த வசதியைப் பூட்டும்படி ஆயிற்று.

இனி முகவரி. எனக்கு இதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது.

கணினியோடு வரும் ஃபர்ம்வேர் (பயாஸ் போன்ற அடிப்படை மென்பொருள்) இயங்குதளத்தோடு பேசுவதற்கான தரநிலை ஏசிபிஐ. 2009-இல் வந்த அதன் 4.0 பதிப்பு, சர்வர் வன்பொருளின் பிழைகளைக் கையாள ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தது. அதில் ஓர் அட்டவணை பிழை புகுத்துவதற்கென்றே இருக்கிறது. ஈஐஎன்ஜே என்று அழைப்போம். ஃபர்ம்வேர் இதை ஆதரித்தால், பல சர்வர்களில் பயாஸில் தனியாக இயக்கியும் விட்டால், மெமரி, பிராசசர், பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று வகை சொல்லி உண்மையான பிழையை வன்பொருளுக்குள் நடலாம். ஏசிபிஐ 5.0 முதல் எந்த இடத்தில் என்றும் சொல்லலாம்: ஒரு பௌதிக முகவரி, அதோடு ஒரு முகமூடி எண். முகவரியின் எந்தெந்த பிட்டுகள் கட்டாயம் பொருந்த வேண்டும் என்பதை முகமூடி சொல்லும்.

முகமூடியைத் தளர்வாகக் கொடுத்தால் என்ன ஆகும்? எங்கே நடுவது என்பதை ஃபர்ம்வேரே முடிவு செய்துகொள்ளும். அதனால் லினக்ஸ் டிரைவர் அங்கே நின்று தடுக்கிறது: முகமூடி ஒரு பக்க அளவுக்காவது துல்லியமாக இருக்க வேண்டும், இலக்கு சாதாரண ராமாகவோ, மின்சாரம் போனாலும் தரவு தங்கும் நிலைமெமரியாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் கோரிக்கை ஃபர்ம்வேரை எட்டவே எட்டாது. சாதனங்களின் ரெஜிஸ்டர்களும் அதே முகவரிப் பரப்பில்தான் உட்கார்ந்திருக்கின்றன என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். நட்ட பிழையைத் தூண்டுவதற்கு அந்த இடம் வாசிக்கப்படும்; சில ரெஜிஸ்டர்களை வாசிப்பதே சாதனத்தின் நிலையை மாற்றிவிடும்.

இன்னொரு சோதனையும் அதே இடத்தில் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. ஒரு நிரல் மெமரி வாங்கி, அதில் எதுவும் எழுதாமல் வாசிக்க மட்டும் செய்தால், கெர்னல் அதற்குப் புதுப் பக்கம் கொடுப்பதில்லை. எல்லா ப்ராசஸ்களுக்கும் பொதுவான சுழியப் பக்கத்தைக் காட்டிவிடுகிறது. இப்போது சோதனை நிரல் தன் மெமரியின் பௌதிக முகவரியைக் கேட்டால் வருவது அந்தப் பொதுப் பக்கத்தின் முகவரி. "என் மெமரியில் பிழை நடு" என்று அது முழு நேர்மையோடு கேட்கிறது. நட்டால் அடிபடுவது எல்லோரும். டிரைவர் இதைக் கண்டுகொண்டு, முகவரி பயன்பாட்டில் இருக்கிறது என்ற பிழைக்குறியோடு திருப்பி அனுப்புகிறது. சின்ன நிபந்தனைதான். ஆனால் பயனர் என்ன சொன்னார் என்பதோடு நிற்காமல், என்ன நினைத்துச் சொன்னார் என்பதுவரை யோசித்த ஒருவர் எழுதிய நிபந்தனை.

இத்தனை காவல் இருந்தும் ஒரு ஓட்டை அடைபடுவதில்லை. சோதனை நிரல் தனக்குத் தெரியும் மெய்நிகர் முகவரியைப் பௌதிக முகவரியாக மாற்ற, ப்ராக் கோப்பமைப்பில் உள்ள பேஜ்மேப் கோப்பைப் படிக்கிறது. (மெமரியின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்ப அணுகி அருகிலுள்ள பிட்டுகளைப் புரட்டும் ரோஹேமர் தாக்குதலுக்குப் பிறகு, லினக்ஸ் 4.2 முதல், நிர்வாகத் தகுதி இல்லாதவர்களுக்கு அங்கே பௌதிகப் பக்க எண் சுழியமாகத்தான் தெரியும்.) படித்த எண்ணை இன்னொரு கோப்பில் எழுதுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே பக்கம் நகர்ந்துவிடலாம். துண்டுதுண்டான மெமரியைச் சேர்த்துக் கட்டும்போதும், வேறு நியூமா முனைக்கு (வேறு பிராசசரின் அருகிலுள்ள மெமரிக்கு) மாற்றும்போதும், சிறு பக்கங்களைப் பெரும்பக்கமாக இணைக்கும்போதும் கெர்னல் பக்கங்களை இடம் மாற்றிக்கொண்டேதான் இருக்கும். மெமரியைப் பூட்டும் எம்லாக் அழைப்பைப் போட்டால் பக்கம் டிஸ்கிலுள்ள ஸ்வாப்புக்குப் போகாது, அவ்வளவுதான். இடம் மாறாது என்ற உறுதி அதில் இல்லை. பிழை போய்ச் சேரும் நேரத்தில் அந்த இடத்தில் வேறு யாரோ குடியிருக்கலாம். அதுவும் சாதாரண ராம்தான், சுழியப் பக்கமும் இல்லை, எல்லாச் சோதனைகளையும் தாண்டிவிடும்.

இதற்குப் பக்கத்தில், ப்ராசஸ் தன் மெமரியைப் பற்றிக் கெர்னலிடம் சொல்லும் மேட்வைஸ் அழைப்பை வைத்துப் பாருங்கள். 2009-இன் கடைசியில் வந்த 2.6.32 முதல், நிர்வாகத் தகுதியுள்ள ப்ராசஸ் தன் சொந்த மெய்நிகர் முகவரியைக் கொடுத்து "இந்தப் பக்கம் நஞ்சானதாக வைத்துக்கொள்", அதாவது திருத்த முடியாத பிழை உள்ளதாக எடுத்துக்கொள், என்று சொல்லலாம். கெர்னல் தானே பக்க அட்டவணையில் தேடி, பக்கத்தைக் கண்டுபிடித்து, அதன் மேல் ஒரு பிடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பிடியோடேயே பிழை கையாளும் நிரலுக்கு அனுப்புகிறது. எண் வெளியே போய்த் திரும்பி வருவதில்லை. அடுத்தவரின் தனி மெமரியை இந்த அழைப்பில் சுட்டிக்காட்ட வழியே கிடையாது. அதைச் சொல்வதற்கான மொழியே இதில் இல்லை. பிழை புகுத்தும் இடைமுகம் எதை எழுதினாலும் நான் இதைத்தான் முதலில் கேட்பேன்: இலக்கை எந்தப் பெயரால் சுட்டுகிறோம்? கேட்பவர் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒன்றின் பெயராலா, யாருடையதாகவும் இருக்கக்கூடிய வெறும் எண்ணாலா? அனுமதிச் சோதனைகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வெறும் எண்ணைத்தான் வாங்கியாக வேண்டும் என்ற நிலையும் உண்டு. பக்கங்களை நஞ்சாக்கிச் சோதிக்க உதவும் எச்டபிள்யூபாய்சன் இன்ஜெக்ட் என்ற கெர்னல் மாட்யூல் பக்க எண்ணை நேரடியாக வாங்குகிறது. ஆனால் அதற்கு வடிகட்டிகள் இருக்கின்றன: இந்த பிளாக் சாதனத்தின் கோப்பமைப்பைச் சேர்ந்த பக்கங்கள் மட்டும், இந்த மெமரி குழுவுக்குச் சொந்தமான பக்கங்கள் மட்டும், இந்தக் கொடிகள் உள்ள பக்கங்கள் மட்டும் என்று வேலி போட்டுவிட்டு, அதற்குள் கண்மூடித்தனமாகக் கூட எண்களை எறியலாம். மணிக்கணக்கில் ஓடும் சோதனைக்கு இது நல்ல ஏற்பாடு. இலக்கைத் துல்லியமாகப் பிடிக்க முடியாதபோது எல்லையையாவது துல்லியமாக்குகிறது.

அடுத்தது, கோரிக்கையை எப்படி ஒப்படைக்கிறோம் என்பது. ஈஐஎன்ஜேயில் பிழையின் வகைக்கு ஒரு கோப்பு, முகவரிக்கு ஒன்று, முகமூடிக்கு ஒன்று, கொடிகளுக்கு ஒன்று, கடைசியில் "செய்" என்பதற்கு ஒன்று. ஷெல்லில் இருந்து பயன்படுத்த வசதி. ஆனால் இந்த மதிப்புகள் முழுக் கணினிக்கும் பொதுவானவை, ஒருவர் எழுதியது அடுத்தவருக்காக அப்படியே தங்கிவிடும். இரண்டு ஸ்கிரிப்டுகள் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றின் முகவரியும் மற்றொன்றின் வகையும் கலந்த, இருவருமே கேட்காத ஒரு பிழை நடப்படும். உள்ளே இருக்கும் பூட்டு புகுத்தும் அந்தக் கணத்தை மட்டும்தான் காக்கிறது. கோப்புகளை நிரப்பும் நேரத்தைக் காப்பதில்லை. எக்ஸ்86 வகைப் பிராசசர்களின் மெஷின் செக் புகுத்தியில் நிலைமை இன்னும் நுட்பமானது: வங்கி (பிழைகளைப் பதியும் ரெஜிஸ்டர் தொகுதி) எண்ணைக் கோப்பில் எழுதுவதே தூண்டுதலும்கூட. மற்றவற்றை நிரப்பி முடிக்குமுன் வங்கியை எழுதிவிட்டால், பழைய மதிப்புகளோடு பிழை கிளம்பிவிடும். ஆவணத்தில் எழுதியிருக்கிறது என்பது எனக்குப் போதவில்லை. மதிப்பு வைப்பதும் செயலைத் தொடங்குவதும் கண்ணுக்கு வேறாகத் தெரிய வேண்டும். கோரிக்கை முழுவதும் ஒரே கட்டமைப்பாக, ஒரே எழுத்தில் உள்ளே போய், முழுவதுமாகச் சரிபார்க்கப்பட்டு, முழுவதுமாக ஏற்கப்படவோ நிராகரிக்கப்படவோ வேண்டும்.

மென்பொருளுக்குள் நின்று பிழை கொடுப்பதில் லினக்ஸ் நல்ல பாதையைக் கண்டுபிடித்திருக்கிறது, அதிலிருந்து வன்பொருள் பக்கம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 2007-இல் 2.6.20-உடன் வந்த ஃபால்ட் இன்ஜெக்ஷன் கட்டமைப்பு, மெமரி ஒதுக்கீடும் டிஸ்க் கோரிக்கைகளும் தோற்கும்படி செய்தது. எத்தனை சதவீத வாய்ப்பு, மொத்தம் எத்தனை தடவை, எந்த ப்ராசஸுக்கு மட்டும் என்று கட்டுப்பாடுகள். 2017-இல் ஃபெயில்-என்த் சேர்ந்தது: ஒரு திரெட் (ப்ராசஸுக்குள் ஓடும் இழை) தனக்குத்தானே "இனி வரும் மூன்றாவது வாய்ப்பில் தோற்கட்டும்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போனால் கெர்னலிடம் வேலை கேட்கும் ஒரு சிஸ்டம் காலுக்குள் இருக்கும் தோல்விப் பாதைகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்துவிடலாம். திரெட் முடிந்தால் அதோடு கோரிக்கையும் முடிந்தது. அடுத்த ஆண்டில், கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓடவிடும் பிபிஎஃப் வழியாக ஃபங்ஷனின் விடையையே மாற்றும் வசதி வந்தபோது, எந்த ஃபங்ஷனையும் மாற்றலாம் என்று விடவில்லை. ஃபங்ஷனை எழுதியவரே சம்மதக் குறி போட்டிருக்க வேண்டும். பிழை திருப்புவதற்கு முன் அது எந்த நிலையையும் மாற்றியிருக்கக் கூடாது. அழைப்பவர் விடையைச் சரிபார்ப்பவராக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் இந்த ஒழுக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

எல்லாவற்றையும் வன்பொருள் வரை கொண்டுபோக வேண்டியதும் இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழைகளுக்கான ஏஇஆர் புகுத்தி, சாதனத்தைத் தொடாமல், கட்டமைப்பு ரெஜிஸ்டர்களை வாசிக்கும் இடத்தில் குறுக்கே நின்று போலி மதிப்பைக் கொடுக்கிறது. டிரைவரின் மீட்பு நிரலைச் சோதிக்க அது போதும். மெஷின் செக் புகுத்தியிலும் பதிவை உருவாக்கிக் காட்ட மட்டும் ஒரு முறை, உண்மையான விதிவிலக்கை எழுப்ப இன்னொரு முறை. போலியில் தெரியாதது ஒன்றுண்டு: பிழை எந்த நொடியில், எந்த கோரில், எந்த கட்டளைக்கு நடுவே வந்து விழுகிறது என்பது. அதற்கு மட்டும் ஈஐஎன்ஜேயிடம் போகலாம். மற்றபடி அங்கே போக எனக்கு அவசரமில்லை.

கடைசியாக, புகுத்திய பிழையை எப்படி அடையாளம் காண்பது என்ற கேள்வி. கவனிக்காமல் விட்டால் சோதனையின் பதிவும் உண்மையான பழுதின் பதிவும் ஒரே பட்டியலில் கலந்துவிடும். பிழை எண்ணிக்கையைப் பார்த்து மெமரி மாட்யூலை மாற்றும் கண்காணிப்பு மென்பொருள் நல்ல மாட்யூலைக் கழற்றச் சொல்லும். அதைவிட மோசம், உண்மைப் பிழையைச் சோதனை என்று நினைத்துக் கடந்து போவது. சிஎக்ஸ்எல் என்ற இணைப்பு வழியாகச் சேரும் மெமரியின் விவரக்குறிப்பு இதை அழகாகக் கையாள்கிறது: நஞ்சான இடங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் மூலம் குறிக்கப்படுகிறது. வெளியிலிருந்து வந்ததா, சாதனத்துக்குள்ளேயே நேர்ந்ததா, புகுத்தப்பட்டதா என்று சாதனமே சொல்கிறது. எல்லாப் பிழைப் பதிவுகளிலும் இப்படி ஒரு புலம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்தப் புலம் இல்லாததால் என்ன நேரும் என்பதற்கு லினக்ஸிலேயே சான்று உண்டு. சோதனைக்காக நஞ்சாக்கிய பக்கத்தைத் திரும்ப நல்ல பக்கமாக்கும் வசதி இருக்கிறது. அது மென்பொருளால் போட்ட குறியை நீக்குவதற்கு மட்டும் எழுதப்பட்டது. ஆனால் உண்மையான வன்பொருள் பிழை வந்தால் எக்ஸ்86-இல் கெர்னல் அந்தப் பக்கத்துக்கான தன் சொந்த இணைப்பையும் துண்டித்துவிடுகிறது. அந்தப் பக்கத்தின் குறியை மட்டும் நீக்கிப் புழக்கத்தில் விட்டால், அடுத்து அதை வாங்கும் கெர்னல் நிரல் இல்லாத இணைப்பைத் தொட்டு விழும். 2022-இல் இதற்குத் தீர்வு வந்தது: மென்பொருளால் புகுத்தும் பாதைகள் "இது பாவனை" என்ற கொடியோடு வரும், அந்தக் கொடி இல்லாமல் ஒரே ஒரு பிழை வந்துவிட்டாலும், அதன் பிறகு குறி நீக்கும் வசதி மொத்தமாக மறுக்கப்படும். எந்தப் பக்கம் எது என்று பிரித்தறிய முயலாமல் கதவையே சாத்திவிடுகிறது. கடுமையாகத் தோன்றலாம். உண்மையிலேயே பழுதாகிவிட்ட கணினியில் ஒத்திகையைத் தொடர யாருக்கும் காரணம் இல்லை என்பதால் எனக்கு இது சரியாகவே படுகிறது.

நான் புதிதாக ஒன்று வடிவமைத்தால் கோரிக்கையை ஒரு கோப்புப் பிடியோடு (ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் கோப்போடு) கட்டுவேன். பிடி திறந்திருக்கும்வரை கோரிக்கை உயிரோடு இருக்கும், எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்ற உச்சவரம்பு கட்டாயம், ப்ராசஸ் இறந்தால் பிடி மூடும், மிச்சம் ரத்தாகும். ஒவ்வொரு புகுத்தலும் பதிவேட்டில் ஏறும். நிலைமெமரிக்கான என்டிசிடிஎல் கருவியில் புகுத்தவும், நீக்கவும், இப்போது எவை புகுத்தப்பட்டிருக்கின்றன என்று கேட்கவும் ஒரே கட்டளை உதவுகிறது. அந்த மூன்றும் சேர்ந்தே வர வேண்டும்.

இதில் எனக்கு இன்னும் கடினமாக இருப்பது, நட்டுவிட்டுத் தூண்டாமல் விட்ட பிழை. ஈஐஎன்ஜேயில் அதற்கு வசதி உண்டு, சோதனைக்கு அவசியமும்கூட: நட்டபின் நம் நிரலே சரியான தருணத்தில் போய்த் தொட வேண்டும். ஆனால் நட்டவர் தொடுமுன்னே இறந்துவிட்டால்? பிடி மூடிவிடும், பிழை மெமரியில் அப்படியே இருக்கும், மெமரியைச் சுற்றிவந்து சரிபார்க்கும் ஸ்க்ரப்பரோ அடுத்துக் குடிவரும் ப்ராசஸோ அதை மிதிக்கும். சில பிராசசர்களில் 64 பைட் கேஷ் லைன் முழுவதையும் ஒரே கட்டளையால் மேலெழுதினால் நஞ்சு நீங்கும், எல்லாவற்றிலும் அப்படி இல்லை. நீக்க முடியாத இடங்களில், நட்ட பக்கத்தின் மேல் கெர்னல் போட்ட பிடி ப்ராசஸ் இறந்தாலும் விடுபடக் கூடாது. பதிவேட்டில் அந்த வரி "நடப்பட்டது, தூண்டப்படவில்லை" என்றே நிற்க வேண்டும். ரீபூட் ஆகும்வரை அந்தப் பக்கம் யாருக்கும் ஒதுக்கப்படக் கூடாது.